நானோ கம்பிச் சந்தியில் மீக்கடத்தல்: இதில் "வழக்கத்துக்கு மாறானது" எது?

மட்டிப்பழம் | சனி, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை துறையில் செமினார். தலைப்புகளைச் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டார்கள். எனக்கு விழுந்தது "நானோ கம்பிச் சந்திகளில் வழக்கத்துக்கு மாறான மீக்கடத்தல்". பக்கத்தில் இருந்தவளுக்குச் சூரிய மின்கலம். அவள் அன்று சாயங்காலமே ஸ்லைடு முடித்துவிட்டாள்.

குளிர்வித்தால் மின்தடையே இல்லாமல் போவதுதான் மீக்கடத்தல்: 1911-இல் பாதரசம், 4.2 கெல்வின், காமர்லிங் ஓனஸ். 1957-இல், எலக்ட்ரான்கள் ஜோடி சேர்வதுதான் காரணம் என்ற பி.சி.எஸ். கொள்கை. 1962-இல், இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே மெல்லிய தடுப்பு வைத்த ஜோசப்சன் சந்தி. இதுவரைக்கும் பாடத்தில் இருக்கிறது. அதற்கப்புறம் தலை சுற்றுகிறது.

ஒன்று, எல்லாக் கட்டுரையிலும் அலுமினியம்தான் வருகிறது. அது 1.2 கெல்வினில் மீக்கடத்தியாகும் ரொம்பச் சாதாரணமான உலோகம். கம்பி இண்டியம் ஆர்சனைடு, இல்லாவிட்டால் இண்டியம் ஆன்டிமோனைடு. குறைகடத்தி, அவ்வளவுதான். இரண்டு சாதாரணம் சேர்ந்தால் அசாதாரணம் எப்படி வரும்?

இன்னொன்று, கம்பியின் முனைகளில் வரும் என்று கணித்த, தன் எதிர்த்துகளும் தானேயான இந்த மயோரானா நிலை இருக்கிறதா, இல்லையா? ஒரு வீடியோவில் கண்டுபிடித்தாயிற்று என்கிறார்கள். அடுத்த வீடியோவில் மோசடி என்கிறார்கள். நான் ஸ்லைடில் எதைப் போடுவது?

ஆரல்காத்து | சனி, இரவு 9:58

நம்ம ஊர்க்காரிக்கு இதைச் சொல்லவா கஷ்டம்? முக்கடல் சங்கமம் மாதிரி. மூன்று கடலும் சேரும் இடத்தில் புதுசா ஒன்று பிறக்கிறது. முதல் ஸ்லைடே முடிந்தது.

குழித்துறை | சனி, இரவு 10:15

மூன்று கடல் சேரும் இடத்தில் என்ன தம்பி புதுசா பிறக்கிறது? தண்ணீர்தான். பத்திரிகை உவமை எல்லாம் செமினாருக்கு ஆகாது. நான் முப்பது வருஷம் கல்லூரியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். இந்த உவமையைச் சொல்லாத மாணவனே கிடையாது.

மக்ளே, முதலில் "வழக்கமானது" எது என்று நேராக வை. எலக்ட்ரான் ஃபெர்மியான் என்ற வகைத் துகள். இரண்டு எலக்ட்ரான்களை இடம் மாற்றினால் அலைச்சார்பின் குறி மாற வேண்டும். பி.சி.எஸ். ஜோடியில் ஒரு எலக்ட்ரானின் ஸ்பின் (அதன் உள்ளார்ந்த காந்தத் திசை) மேலே, மற்றதன் ஸ்பின் கீழே. குறி மாறும் வேலையை ஸ்பின் பார்த்துக்கொள்கிறது. அதனால் இயக்கப் பகுதி எந்தத் திசையிலும் ஒரே குறியோடு உருண்டையாக இருக்கலாம். இதுதான் எஸ்-அலை. இரண்டு ஸ்பின்னும் ஒரே பக்கம் பார்த்தால் ஸ்பின் பகுதி குறி மாறாது. அப்போது இயக்கப் பகுதிதான் மாறியாக வேண்டும்: வலப்பக்கம் போகும்போது கூட்டல் என்றால் இடப்பக்கம் போகும்போது கழித்தல். இது பி-அலை. ஹீலியம்-3 திரவத்தில் 1972-இல் பார்த்தார்கள். திண்மப் பொருளில் அது கிடைப்பது குதிரைக்கொம்பு. ஸ்ட்ரான்சியம் ருத்தனேட்டில் இருக்கிறது என்று 25 வருஷம் நம்பியிருந்தோம். 2019-இல் வந்த காந்த ஒத்ததிர்வு அளவீடு அந்த நம்பிக்கையை ஆட்டிவிட்டது.

தானாகக் கிடைக்காததைச் செய்து பார்ப்போம் என்று இறங்கியதுதான் உன் தலைப்பு.

ரப்பர்பால் | ஞாயிறு, காலை 6:50

சார் சொன்ன இடத்திலிருந்து தொடர்கிறேன். இரண்டரை வருஷம் வெளிநாட்டில் ஒரு ஆய்வகத்தில் இந்தச் சந்திகளைத்தான் அளந்துகொண்டிருந்தேன். இப்போது குலசேகரத்தில் வீட்டில் இருக்கிறேன். நேற்று மழையில் ரப்பர் வெட்டு இல்லை, அதனால் எழுத நேரம் இருக்கிறது.

முதலில் உன் அலுமினியக் கேள்வி. அலுமினியம் தன் ஜோடிகளைப் பக்கத்தில் இருக்கும் கம்பிக்குள்ளும் கசிய விடும். இது எப்படி நடக்கிறது என்பதற்குக் கன்னியாகுமரி படகுத்துறை வரிசையை நினைத்துக்கொள். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகில் இரண்டு இரண்டு பேராகத்தான் ஏற்றுவோம் என்று ஒரு சட்டம் இருப்பதாக வை. ஒருவர் தனியாக வருகிறார். ஏற முடியாது. பின்னால் நிற்பவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறிவிடுகிறார். வரிசையில் இப்போது ஒரு காலியிடம். பின்னால் நிற்பவர்கள் ஒவ்வொருவராக முன்னால் நகர நகர, அந்தக் காலியிடம் வரிசையின் வால் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். எலக்ட்ரான் உள்ளே போகிறது, துளை திரும்பி வருகிறது. 1964-இல் ஆந்திரேயெவ் சொன்ன எதிரொளிப்பு இது.

சந்தி என்றால் கம்பியின் இரண்டு முனையிலும் படகுத்துறை. ஒரு துறையில் திரும்பிய காலியிடம் அடுத்த துறைக்குப் போய், அங்கே எலக்ட்ரானாக மாறித் திரும்பி வரும். இந்தச் சுற்றுக்குப் பெயர் ஆந்திரேயெவ் கட்டுண்ட நிலை. மீக்கடத்தி அல்லாத கம்பிக்குள் மின்தடை இல்லாத மின்னோட்டம் ஓடுவது இதன் முதுகில்தான். இந்தப் பெயரை மறக்காதே. பின்னால் வில்லனும் இதுதான்.

இதுவரை எல்லாம் வழக்கமானது. இனி கம்பியின் பங்கு. இண்டியம் ஆன்டிமோனைடில் ஓடும் எலக்ட்ரானின் ஸ்பின், ஓடும் திசையோடு கட்டப்பட்டிருக்கிறது. வலப்பக்கம் ஓடினால் ஒரு பக்கம் சாயும், இடப்பக்கம் ஓடினால் மறுபக்கம். இதன் மேல் கம்பியின் நீளவாக்கில் காந்தப்புலம் கொடுத்தால் இரண்டு ஆற்றல் பட்டைகளில் ஒன்று மேலே போய்விடும். கீழே ஒரே வகை எலக்ட்ரான்தான் மிஞ்சும். ஆனால் வலம் போகிறவரும் இடம் போகிறவரும் முழுக்க ஒரே பக்கம் சாய்ந்தவர்கள் இல்லை. அந்தச் சின்ன வித்தியாசத்தின் வழியே அலுமினியத்தின் சாதாரண ஜோடி உள்ளே நுழைந்துவிடுகிறது. உள்ளே இருப்பதோ ஒரே வகை. அதனால் நுழைந்த ஜோடி, குழித்துறை சார் சொன்ன பி-அலைக் குறியை எடுத்தே ஆக வேண்டும். அலுமினியமும் மாறவில்லை, கம்பியும் மாறவில்லை. சேர்ந்த இடத்தில் ஜோடிக்கு வேறு வழியில்லை.

எண்ணும் போடு, செமினாரில் மதிப்பு கூடும். அலுமினியத்தின் ஆற்றல் இடைவெளி (ஜோடியைப் பிரிக்க எலக்ட்ரான் ஒன்றுக்குத் தேவையான ஆற்றல்) சுமார் 0.2 மில்லி எலக்ட்ரான்வோல்ட். இண்டியம் ஆன்டிமோனைடின் ஜி-காரணி (காந்தப்புலம் ஸ்பின்களை எவ்வளவு பிரிக்கும் என்பதன் அளவு) 50-க்குப் பக்கம். ஸ்பின் பிளவு இடைவெளியைத் தாண்ட வேண்டும் என்றால் காகிதக் கணக்கில் 0.14 டெஸ்லா போதும். தடிமனான அலுமினியம் 10 மில்லிடெஸ்லாவிலேயே மீக்கடத்தலை விட்டுவிடும். 10 நானோமீட்டர் அளவுக்கு மெல்லிய படலமாகப் பூசி, புலத்தைப் படலத்துக்கு இணையாக வைத்தால் ஒரு டெஸ்லாவைத் தாண்டியும் நிற்கும். அந்தப் படலத்தைக் கம்பியின் பக்கவாட்டில் அணு அணுவாக ஒட்டி வளர்க்கும் முறை 2015-இல் கோபன்ஹேகனிலிருந்து வந்தது.

மட்டிப்பழம் | ஞாயிறு, காலை 8:05

அண்ணா, படகு வரிசை சூப்பர்! நேற்று வரை ஆந்திரேயெவ் படத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

ரப்பர்பால் | ஞாயிறு, காலை 8:20

அண்ணா இல்லை, அக்கா.

மட்டிப்பழம் | ஞாயிறு, காலை 8:21

ஐயோ, மன்னிச்சுக்கங்க அக்கா.

கோட்டாறு டெக்னீசியன் | ஞாயிறு, காலை 11:30

நான் எம்.ஆர்.ஐ. எந்திரம் பார்க்கிறவன். எங்களுக்கு மீக்கடத்தி என்றால் நியோபியம்-டைட்டானியம் கம்பி, 1.5 டெஸ்லா, உள்ளே திரவ ஹீலியம். கொஞ்ச வருஷத்துக்கு முன் ஒரு மருத்துவமனையில் காந்தம் திடீரென்று மீக்கடத்தலை விட்டது. குவெஞ்ச் என்போம். ஹீலியம் முழுக்கக் கொதித்துக் குழாய் வழியாக மொட்டைமாடிக்குப் போனது. ஒரு லிட்டர் திரவம் 700 லிட்டருக்கு மேல் வாயுவாகும். வெள்ளைப் புகையைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தெருவே தீ என்று ஓடி வந்தது.

சொல்ல வந்தது வேறு. ஓனஸ் ஹீலியத்தைத் திரவமாக்கியது நம்ம மணவாளக்குறிச்சி மணலை வைத்துத்தான் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. செமினாரை அதை வைத்து ஆரம்பித்தால் கைதட்டல் நிச்சயம்.

குழித்துறை | ஞாயிறு, மதியம் 2:10

பாதி சரி, பாதி தப்பு. ஓனஸுக்கு ஹீலியம் மோனசைட் மணலிலிருந்துதான் கிடைத்தது. அந்த மணல் அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவிலிருந்து வந்தது. ஹீலியத்தைத் திரவமாக்கியது 1908. நம்ம கடற்கரையில் மோனசைட் இருப்பது தெரிந்ததே 1909-இல்தான். அதுவும் மணலைத் தேடி வந்து யாரும் கண்டுபிடிக்கவில்லை. அப்போது நாம் திருவிதாங்கூர். இங்கிருந்து கப்பலில் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பார்த்தார். அப்புறம்தான் மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது.

மணலுக்குள் ஹீலியம் ஏன் என்பதைச் சொல்லலாம், அது நல்ல இயற்பியல். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. தோரியம்-232 சிதைந்து சிதைந்து ஈயம்-208 ஆவதற்குள் ஆறு ஆல்ஃபா துகள்களை வெளிவிடும். ஆல்ஃபா துகள் ஹீலியத்தின் கரு அல்லவா? அது மணற்பரலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். சூடாக்கினால் வெளியே வரும்.

ஆரல்காத்து | ஞாயிறு, மதியம் 2:25

சார், அப்படியானால் ஒரு பாட்டிலில் மண்டைக்காட்டு மணலை எடுத்துப் போய் மேசையில் வைத்துவிடலாமே?

குழித்துறை | ஞாயிறு, மதியம் 2:40

வேண்டாம். தோரியம் கதிரியக்கப் பொருள். வேடிக்கைக்குக் கூட அந்த மணலை அள்ளிக்கொண்டு போய்க் காட்டாதே.

பறக்கை | ஞாயிறு, இரவு 8:30

எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். அந்தப் பெண் நேராகக் கேட்டாள்: மயோரானா இருக்கா, இல்லையா? நான் ஐ.டி.யில் இருப்பவன். எனக்குத் தெரிந்தவரை மைக்ரோசாஃப்ட் 2025 பிப்ரவரியில் "மயோரானா 1" என்று குவாண்டம் கணினிச் சிப்பே வெளியிட்டுவிட்டது. நேச்சர் ஆய்விதழில் கட்டுரையும் வந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ரப்பர்பால் | ஞாயிறு, இரவு 10:45

அந்தக் கட்டுரையோடு நேச்சர் வெளியிட்ட மதிப்பீட்டுக் கோப்பையும் திறந்து பாருங்கள். இந்த முடிவுகள் மயோரானா நிலைகள் இருப்பதற்கான சான்று அல்ல என்று ஆசிரியர் குழுவே அதில் எழுதியிருக்கிறது. கட்டுரை காட்டியது, கம்பியில் எலக்ட்ரான் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்பதை ஒரே முறையில் அளக்கும் வித்தையை. அது நல்ல வேலை. அதைச் சிறுமைப்படுத்தவில்லை. சிப்பின் பெயர் வேறு, கட்டுரையின் கூற்று வேறு.

மட்டிப்பழம், கதையை முதலிலிருந்து சொல்கிறேன். உன் செமினாரின் நடுப்பகுதி இதுதான்.

2001-இல் கிடாயெவ் ஒரு பொம்மைக் கணக்குப் போட்டார். பி-அலை ஜோடிகள் உள்ள கம்பியின் இரு முனையிலும் பாதிப் பாதி எலக்ட்ரான் போல ஒரு நிலை, சரியாகச் சுழி ஆற்றலில் உட்கார்ந்திருக்கும். 1937-இல் எத்தோரே மயோரானா எழுதிய, தன் எதிர்த்துகளும் தானேயான துகளின் கணக்கை அது ஒத்திருப்பதால் அவர் பெயர். (அவர் அடுத்த வருஷமே காணாமல் போனார். பலெர்மோவிலிருந்து நேப்பிள்ஸுக்குக் கப்பல் ஏறப் போனவரை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.) 2010-இல் இரண்டு குழுக்கள், அதில் ஒன்றில் சங்கர் தாஸ் சர்மா, இதைச் சாதாரண மீக்கடத்தியையும் குறைகடத்திக் கம்பியையும் வைத்தே செய்யலாம் என்று எழுதினார்கள். 2012-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் இண்டியம் ஆன்டிமோனைடு கம்பியில் பார்த்தார்கள்: காந்தப்புலத்தை ஏற்றினால், மின்னழுத்தம் சுழியாக இருக்கும் இடத்தில் மின்கடத்துதிறனில் ஒரு சின்ன முகடு. எல்லாரும் துள்ளினோம்.

அந்த முகட்டின் உயரம், கொள்கைப்படி, எலக்ட்ரான் மின்னூட்டத்தின் (e) வர்க்கத்தைப் பிளாங்க் மாறிலியால் (h) வகுத்து இரண்டால் பெருக்கிய அளவு இருக்க வேண்டும். மின்தடையாகச் சொன்னால் 12.9 கிலோஓம். 2012-இல் கிடைத்தது அதில் ஒரு சின்னப் பங்குதான். 2018-இல் அதே டெல்ஃப்ட்டிலிருந்து, முகடு சரியாக அந்த உயரத்தில் தட்டையாக நிற்கிறது என்று நேச்சரில் வந்தது. செர்கேய் ஃப்ரோலோவும் வின்சென்ட் மூரிக்கும் மூல அளவீடுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். மூரிக் 2012 கட்டுரையின் முதல் ஆசிரியர் என்பதைக் கவனி. கட்டுரையில் காட்டாத பகுதியையும் சேர்த்து வரைந்தால் முகடு அந்த உயரத்தில் நிற்கவில்லை. 2021 மார்ச்சில் ஆசிரியர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள்.

இப்போது வில்லன். கம்பி ஓரத்தில் மின்னழுத்தம் கொஞ்சம் வழுவழுப்பாக இறங்கினால் போதும், சாதாரண ஆந்திரேயெவ் நிலை ஒன்று காந்தப்புலத்தில் சுழி ஆற்றலுக்கு வந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். வரைபடத்தில் அதே முகடு. காய்ச்சல் அடிக்கிறது என்பதற்காக டெங்கு என்று எழுதிவிட முடியுமா? முழுக்க அலுமினிய உறை போட்ட கம்பியில் 2020-இல் மயோரானா என்று ஒரு குழு சயின்ஸ் ஆய்விதழில் எழுதியது. அடுத்த வருஷமே அதே சயின்ஸில் ஆஸ்திரியாவிலிருந்து இன்னொரு குழு, அதே மாதிரிக் கம்பி, அதே மாதிரி முகடு, காரணம் சாதாரண ஆந்திரேயெவ் நிலை என்று எழுதியது.

பறக்கை | திங்கள், காலை 7:15

அப்படியானால் மொத்தமும் வீண் என்கிறீர்களா?

ரப்பர்பால் | திங்கள், இரவு 9:30

இல்லை. இந்தத் தலைப்பை மயோரானாவோடு மட்டும் கட்டிப்போட்டதுதான் என் மனத்தாங்கல். நானோ கம்பியில் வழக்கத்துக்கு மாறான மீக்கடத்தலுக்கு எனக்குப் பிடித்த உதாரணம் கோபால்ட். அது காந்தம். ஒரு ஸ்பின் மேலே ஒரு ஸ்பின் கீழே என்று வரும் ஜோடியை அது சில நானோமீட்டருக்குள் பிய்த்துப் போட்டுவிடும். 2010-இல் அமெரிக்காவில் பென் ஸ்டேட்டில் 40 நானோமீட்டர் பருமன் கோபால்ட் கம்பியின் இரு பக்கமும் டங்ஸ்டன் மீக்கடத்தி மின்வாய் வைத்தார்கள். 600 நானோமீட்டர் நீளத்துக்கு மின்தடை சுழியானது! சாதாரண ஜோடி அவ்வளவு தூரம் பிழைக்காது. இரண்டு ஸ்பின்னும் ஒரே பக்கம் பார்க்கும் ஜோடி என்றால் காந்தம் அதை ஒன்றும் செய்யாது. உன் இரண்டாவது ஸ்லைடாக இதை வை.

இன்னொன்று ஷாபிரோ படிகள். சந்தி மேல் நுண்ணலை அடித்தால், மின்னழுத்தம் படிப்படியாக ஏறும். ஒரு கிகாஹெர்ட்சுக்கு 2.07 மைக்ரோவோல்ட் கணக்கு. 6 கிகாஹெர்ட்ஸ் அடித்தால் முதல் படி 24.8 மைக்ரோவோல்ட்டில் வரும். மயோரானா இருந்தால் ஒற்றைப்படை எண் படிகள் காணாமல் போக வேண்டும் என்பது கணிப்பு. 2012-இல் முதல் படி காணாமல் போன சந்தியும் வந்தது. 2021-இல், மயோரானாவுக்கு வழியே இல்லாத அலுமினியம்-இண்டியம் ஆர்சனைடு சந்தியிலும் படி காணாமல் போகும் என்று காட்டினார்கள். எலக்ட்ரான் ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குத் தாவிவிட்டாலே போதும்.

அளப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கட்டுரையில் இது ஒரு வரியில் போய்விடும். கம்பிகள் ஒரு தகட்டின் மேல் புல் மாதிரி நட்டுக்க வளர்ந்து நிற்கும். தூய்மை அறையில் துடைக்கும் துணி உண்டு. அதன் முனையைக் கூராகக் கிழித்து, அந்தப் புல் மேல் ஒரு தட்டு. சில கம்பிகள் துணியில் ஒட்டிக்கொள்ளும். அதை நம் சிப்பின் மேல் தட்டினால் நாலைந்து விழும். எங்கே விழும் என்பது அதன் இஷ்டம். அப்புறம் மேலே உள்ள ஆக்சைடைப் போக்க வேண்டும். கந்தகக் கரைசலில் முக்குவோம். அழுகிய முட்டை நாற்றம், சாப்பிடும் போதும் கையை விட்டுப் போகாது. மூன்று வாரம் இப்படிச் செய்து, சிப்பைக் குளிர்விப்பானில் ஏற்றி, 20 மில்லிகெல்வினுக்கு இறக்கினேன். ஒரு கனெக்டரை மாற்றும்போது கைப்பட்டையைத் தரையிணைக்க மறந்துவிட்டேன். என் உடம்பில் இருந்த நிலைமின்சாரம் போதும். நுண்ணோக்கியில் பார்த்தால் கம்பி இருந்த இடத்தில் ஒரு கரும்புள்ளி. குளிர்காலத்தில் அங்கே காற்று அவ்வளவு வறட்சி. நம்ம ஊர் ஈரத்தில் பிழைத்திருக்கும் போல.

கோட்டாறு டெக்னீசியன் | திங்கள், இரவு 10:05

ஈரத்தில் எங்க போர்டு எல்லாம் பூத்துப் போவுது. அதையும் சொல்லுங்க.

மட்டிப்பழம் | செவ்வாய், மாலை 6:10

அக்கா, ஒரு சந்தேகம். 2.07-ஐ 6-ஆல் பெருக்கினால் 12.4 தானே வருகிறது? 24.8 இரண்டாவது படி அல்லவா?

ரப்பர்பால் | செவ்வாய், இரவு 7:40

ஆமாம், தப்பு என் மேல். முதல் படி 12.4. அது காணாமல் போனால் கண்ணில் படும் முதல் படி 24.8. இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டேன். திருத்தாமல் அப்படியே விடுகிறேன், அடுத்தவர்களும் பெருக்கிப் பார்க்கட்டும்.

குழித்துறை | செவ்வாய், இரவு 8:00

பெருக்கிப் பார்த்தாய் பார், அதற்கே பத்து மார்க். ஒன்று சேர்த்துக்கொள். "நிரூபிக்கப்பட்டது", "மோசடி" இரண்டு வார்த்தையும் உன் ஸ்லைடில் வேண்டாம். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும், இதே கோடு வேறு எதனால் வரும் என்று ஒரு வரி எழுது. 2025 நோபல் பரிசைக் கேட்பார்கள். கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ். அது ஜோசப்சன் சந்தி உள்ள மின்சுற்றில் குவாண்டம் ஊடுருவலைப் பார்த்ததற்கு. சாதாரண மீக்கடத்திதான், மயோரானாவுக்குச் சம்பந்தம் இல்லை. குழப்பிக்கொள்ளாதே.

ஆரல்காத்து | புதன், காலை 9:00

நான் சொன்ன முக்கடலை யாரும் சீண்டவே இல்லை.

மட்டிப்பழம் | வெள்ளி, இரவு 8:50

முடிந்தது! நாற்பது நிமிஷம் ஓடியது. மணல் எடுத்துப் போகவில்லை சார். திங்கள்சந்தையில் பத்து ரூபாய்க்கு ஒரு துண்டு கயிறு வாங்கி மேசையில் வைத்து, ஷோம்பர்க் கதையிலிருந்து ஆரம்பித்தேன். கோபால்ட் ஸ்லைடில்தான் நிறையக் கேள்வி. 600 நானோமீட்டர்தானே, இதில் என்ன பெரிசு என்றார் ஒரு சார். சாதாரண ஜோடி சில நானோமீட்டரில் செத்துவிடும், இது நூறு மடங்குக்கு மேல் என்றேன். தலையாட்டினார். 1.5 மைக்ரோமீட்டர் கம்பியில் தடை முழுசாகச் சுழியாகவில்லை என்பதையும் படித்து வைத்திருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை.

மயோரானா இருக்கா இல்லையா என்று கடைசியில் துறைத் தலைவரே கேட்டார். இதுவரை காட்டிய முகடுகளை வைத்துச் சொல்ல முடியாது, சார் என்றேன். பரவாயில்லை, உட்காரு என்றார்.

வெளியே வரும்போது அட்டெண்டர் அண்ணன் கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இது பாலிஸ்டர் கலந்தது மோளே, ஒரிஜினல் தேங்காய் நார் இல்லை என்றார்.